தேடல் மேம்பட்டதா இல்லையா: எந்த எண்ணை நம்பி முடிவெடுப்பது?

பிங் தேடுபொறியில் நடந்த ஒரு சோதனையில் ஒருமுறை பிழை புகுந்துவிட்டது. சோதனைக்கு எடுத்த பயனர்களுக்கு மிக மோசமான முடிவுகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் கணக்கைப் பார்த்தால் எல்லாம் ஏறுமுகம். ஒரு பயனர் தட்டும் தேடல்கள் 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தன, ஒரு பயனரால் வரும் வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. தேடியது கிடைக்காததால் மக்கள் சொல்லை மாற்றி மாற்றித் தேடினார்கள். முடிவுகளைவிட விளம்பரங்களே உருப்படியாகத் தெரிந்ததால் அவற்றைத் தட்டினார்கள். அவ்வளவுதான் காரணம். மைக்ரோசாஃப்டில் இருந்த ரான் கோஹாவியும் சக ஆய்வாளர்களும் 2012-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

அந்த இரண்டு எண்களையும் மட்டும் வைத்து ஒருவர் முடிவெடுத்திருந்தால் தேடுபொறியைக் கெடுப்பதே நல்லது என்றாகியிருக்கும். சிறிய அளவில் தேடல் வசதி கட்டுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நூலகத் தளமோ, கடையோ, அலுவலக ஆவணக் கிடங்கோ, வரிசைப்படுத்தும் முறையை மாற்றிவிட்டோம், முன்பைவிட இப்போது நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? கையில் இருக்கும் வழிகள் மூன்று. முன்கூட்டியே கேள்விகளைத் தயாரித்து, மனிதர்களை வைத்துப் பொருத்தம் பார்த்து மதிப்பெண் போடலாம். பயனர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்று கவனிக்கலாம். இப்போது புதிதாக, பொருத்தம் பார்க்கும் வேலையைச் சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளிடம் கொடுக்கலாம். முதல் வழியை எடுத்தாலும் எந்தச் சூத்திரத்தில் மதிப்பெண் போடுவது என்ற தகராறு தனியாக இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆவணத்தைத் தவறவிட்டால் தேடுகிறவருக்கு என்ன நஷ்டம் என்பதைப் பார்த்துத்தான் அளவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூத்திரத்தின் அழகைப் பார்த்து அல்ல.

கேள்வித்தாள் தயாரித்துச் சோதிப்பது

இந்த வழியைத் தொடங்கிவைத்தவர் ஒரு நூலகர். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் விமானவியல் கல்லூரியில் இருந்த சிரில் கிளெவர்டன். 1960-களில் அவர் நடத்திய இரண்டாவது சோதனையில் விமானக் காற்றியக்கவியல் பற்றிய 1,400 ஆவணங்களைச் சேர்த்தார். கட்டுரை எழுதிய ஆய்வாளர்களிடமே, எந்தக் கேள்வி உங்களை இந்த ஆய்வுக்குத் தூண்டியது என்று கேட்டு வாங்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்த ஆவணம் பொருந்தும் என்று குறித்துவைத்தார். இன்றும் புழக்கத்தில் உள்ள அந்தத் தொகுப்பில் 225 கேள்விகள் இருக்கின்றன. ஆவணங்கள், கேள்விகள், பொருத்தக் குறிகள் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் எந்தத் தேடல் முறையையும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே அளவையில் நிறுத்திப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது, நூலகர்கள் பாடுபட்டு வகுத்த பொருள் தலைப்புகளைவிட ஆவணத்தில் இருக்கும் சாதாரணத் தனிச்சொற்களே நன்றாகத் தேடித் தந்தன. நூலக உலகம் அதை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை.

1,400 ஆவணம் என்றால் எல்லாவற்றையும் ஆள் வைத்துப் பார்த்துவிடலாம். லட்சக்கணக்கில் இருந்தால்? அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1992-ல் ட்ரெக் என்ற ஆண்டுப் போட்டியைத் தொடங்கியபோது இதற்கு ஒரு குறுக்குவழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கலந்துகொள்ளும் ஒவ்வொரு அணியின் முதல் 100 முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டு, இரட்டிப்பை நீக்கு, அந்தக் குவியலை மட்டும் ஆட்கள் பார்க்கட்டும். குவியலுக்கு வெளியே இருப்பதெல்லாம் பொருந்தாதவை என்று வைத்துக்கொள். பார்த்தால் துணிச்சலான அனுமானம்தான். ஆனாலும் பல அணிகள் பல விதமாகத் தேடும்போது இது ஓரளவு தாங்குகிறது.

இங்கே எல்லோரும் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. பொருத்தம் என்பதே ஆளுக்கு ஆள் மாறுமே, அதை வைத்து எப்படி அளப்பது? நிஸ்ட்டில் இருந்த எலன் வூர்ஹீஸ் இதைச் சோதித்தே பார்த்தார். ஒரே கேள்விக்கு வெவ்வேறு ஆட்களைக் குறிக்கச் சொன்னால், இருவரில் யாராவது ஒருவர் பொருத்தம் என்று குறித்தவற்றில் இருவருக்கும் பொதுவானவை பாதிகூட இல்லை. ஆனால் யாருடைய குறிகளை எடுத்தாலும், எந்தத் தேடல் முறை முதலிடம், எது கடைசி என்ற வரிசை ஏறக்குறைய மாறவே இல்லை. மதிப்பெண் ஏறி இறங்கும், தரவரிசை நிற்கும். ஆகவே 0.43 போன்ற ஒரு மதிப்பெண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயன் இல்லை. அதே கேள்விகளில், அதே குறிகளோடு, பழைய முறைக்கு 0.38 வந்ததா 0.45 வந்ததா என்பதுதான் பேச்சு.

குவியல் முறையின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சொல் பொருத்தத்தை வைத்துத் தேடும் பிஎம்25 போன்ற முறைகளிலிருந்து ஒரு குவியலைத் திரட்டி, பிறகு அர்த்தத்தை வைத்துத் தேடும் புதிய நரம்பியல் (நியூரல்) முறையை அதில் சோதித்தால், புதியது கொண்டுவரும் நல்ல ஆவணங்கள் பலவற்றை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காததெல்லாம் பூஜ்யம். 2021-ல் வந்த பீர் (BEIR) என்ற பல்தொகுப்புச் சோதனையில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. கோவிட் ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பில் குறி இல்லாமல் விடுபட்ட ஆவணங்களைப் பிறகு பார்த்துக் குறித்தபோது நரம்பியல் முறைகளின் மதிப்பெண் உயர்ந்தது. எனவே பழைய குறிகளை வைத்துப் புதிய முறையை ஒப்பிடுகிறீர்கள் என்றால், முதல் 10 முடிவுகளில் எத்தனைக்குக் குறியே இல்லை என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அது அதிகமாக இருந்தால் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், முதலில் அந்த ஆவணங்களைப் பாருங்கள்.

ஒரே முடிவு, ஐந்து தீர்ப்பு

சரி, குறிகள் தயார். எந்தச் சூத்திரம்? இதை ஒரு கற்பனை உதாரணத்தில் போட்டுப் பார்ப்பதுதான் சுலபம். வேளாண் தகவல் தளம் ஒன்றில் ஒருவர் ‘நெல் குலைநோய்’ என்று தேடுகிறார். தளத்தில் இதற்குப் பொருத்தமானவை நான்கே ஆவணங்கள். ஒன்று நோயின் அறிகுறி முதல் மருந்து அளவு வரை சொல்லும் முழு வழிகாட்டி. மற்ற மூன்றும் போகிறபோக்கில் குலைநோயைத் தொடுபவை. முதல் தேடல் முறை, வழிகாட்டியை முதலிடத்திலும் மற்ற மூன்றை 8, 9, 10-ஆம் இடங்களிலும் வைக்கிறது. இரண்டாவது முறையில் 2, 3, 4-ஆம் இடங்களில் அந்தத் தொட்டுச்செல்லும் மூன்றும், 5-ஆம் இடத்தில் வழிகாட்டியும் வருகின்றன.

முதல் பத்தில் பொருத்தமானவை எத்தனை என்ற பிரிசிஷன் கணக்கில் இரண்டுக்கும் 0.4, சமம். இருப்பவற்றில் எத்தனை வந்தது என்ற ரீகால் கணக்கில் இரண்டுக்கும் முழு மதிப்பெண். முதல் ஐந்தை மட்டும் பார்த்தால் முதல் முறைக்கு 0.2, இரண்டாவதுக்கு 0.8. முதல் நல்ல முடிவு எங்கே வந்தது என்று மட்டும் பார்த்து, 1-ஐ அந்த இடத்தின் எண்ணால் வகுக்கும் எம்ஆர்ஆர் கணக்கில் முதல் முறைக்கு 1, இரண்டாவதுக்கு 0.5. ஒவ்வொரு பொருத்தமான ஆவணம் வரும் இடத்திலும் அதுவரைக்குமான பிரிசிஷனை எடுத்துச் சராசரி போடும் முறையில் (பல கேள்விகளுக்கு இதன் சராசரியைத்தான் மேப் என்கிறார்கள்) முதல் முறைக்கு 0.50, இரண்டாவதுக்கு 0.68.

என்டிசிஜி கதை இன்னும் சுவாரஸ்யம். பின்லாந்தின் தம்பெரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யார்வெலினும் கெக்கெலெய்னனும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொண்டுவந்தது இது. கீழே போகப்போக ஆவணத்தின் மதிப்பை மடக்கையால் குறைத்துக் கூட்டும், பிறகு மிகச் சிறந்த வரிசைக்குக் கிடைக்கும் கூட்டுத்தொகையால் வகுக்கும். பொருந்தும், பொருந்தாது என்ற இரண்டே குறியோடு இதைப் போட்டால் முதல் முறைக்கு 0.74, இரண்டாவதுக்கு 0.76. இரண்டாவது மயிரிழையில் முந்துகிறது. ஆனால் வழிகாட்டிக்கு 3 மதிப்பெண், மற்றவற்றுக்கு 1 என்று தரம் பிரித்துக் குறித்தால் கணக்கு தலைகீழ். முதல் முறைக்கு 0.86, இரண்டாவதுக்கு 0.60.

வயலில் நோய் கண்டு கைபேசியில் தேடும் விவசாயிக்கு எது நல்லது என்று கேட்டால் யாரும் தயங்க மாட்டோம், முதல் முறைதான். அதைச் சொன்னவை எம்ஆர்ஆரும் தரம் பிரித்த என்டிசிஜியும் மட்டுமே. அதிலும் எம்ஆர்ஆர் சரியாகச் சொன்னது தற்செயல். முதலிடத்தில் வழிகாட்டிக்குப் பதில் தொட்டுச்செல்லும் ஆவணம் ஒன்று இருந்தாலும் அது அதே 1-ஐத்தான் கொடுத்திருக்கும். இந்த உதாரணத்தில் தீர்ப்பை மாற்றியது குறித்த விதம், சூத்திரம் அதற்கு அப்புறம்தான். இரண்டு நிலைக் குறியிலிருந்து மூன்று அல்லது நான்கு நிலைக் குறிக்கு மாறுவதற்கு ஆகும் கூடுதல் நேரம் கொஞ்சம்தான். கிடைப்பது நிறைய.

எம்ஆர்ஆரை எடுப்பதா வேண்டாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. 1999-ல் ட்ரெக்கின் வினா-விடைப் போட்டிக்கு, ஒரு கேள்விக்கு ஐந்து விடை வரை தரலாம் என்ற விதியோடு, இதைப் பயன்படுத்தினார்கள். மைக்ரோசாஃப்டின் எம்எஸ் மார்க்கோ தொகுப்பில் ஒரு கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பத்திதான் பொருத்தமென்று குறிக்கப்பட்டிருப்பதால் அங்கும் இதுவே அளவை. தேடல் ஆய்வாளரான நார்பெர்ட் ஃபூர் 2017-ல் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். விடை முதலிடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குப் போனால் 0.5 இழப்பு. இரண்டாம் இடத்திலிருந்து கிடைக்கவே இல்லை என்றானாலும் அதே 0.5 இழப்பு. இப்படிப்பட்ட எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் என்ன அர்த்தம் என்பது அவர் வாதம். வாதம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு படிவத்தையோ ஒரே ஒரு அரசாணையையோ தேடும் இடங்களில், ‘முதல் மூன்றுக்குள் வந்ததா, ஆம் அல்லது இல்லை’ என்று நூற்றுக்கு எத்தனை என எண்ணுவது எம்ஆர்ஆரைவிட நேர்மையானது. அலுவலகத்தில் மேலாளருக்கும் உடனே புரியும்.

மேப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரெக் ஆண்டுகளில் அதுதான் ராஜா. பக்லியும் வூர்ஹீஸும் 2000-ல் காட்டியபடி, முதல் பத்தின் பிரிசிஷனைவிட அது நிலையானது, அதாவது வேறு கேள்விகளை எடுத்தாலும் அதே தீர்ப்பைத் தரும் வாய்ப்பு அதிகம். ஆனால் தரம் பிரித்த குறிகளை அது கண்டுகொள்ளாது. தவிர, மொத்தம் எத்தனை பொருத்தமான ஆவணம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், சின்னத் தொகுப்பு அல்லாத இடத்தில் அது யாருக்கும் தெரியாது.

என்டிசிஜி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் இரண்டு வகை புழங்குகிறது. ஒன்று தரக்குறியை அப்படியே எடுக்கும், 3 என்றால் 3. இன்னொன்று இரண்டின் அடுக்காக எடுத்து ஒன்றைக் கழிக்கும், 3 என்றால் 7. ட்ரெக்கின் கணக்குக் கருவியான ட்ரெக் இவால் முதல் வகை. லைட்ஜிபிஎம் என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளின் இயல்பு அமைப்பு இரண்டாம் வகை. ஒருவர் இதிலும் மற்றவர் அதிலும் கணக்கிட்டுவிட்டு அணிக்குள் சண்டை போட்டுக்கொள்வது சகஜம்.

தவறவிட்டால் வழக்கே போய்விடும் என்றால்

முதல் பக்கம் நன்றாக இருந்தால் போதும் என்பது கடைக்கும் நூலகத் தளத்துக்கும் சரி. வழக்கறிஞருக்கும் காப்புரிமை பார்ப்பவருக்கும், ஒரு சிகிச்சை பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டும் மருத்துவருக்கும் அது போதாது. அவர்களுக்கு ரீகால்தான் உயிர்.

இதைப் பற்றி 1985-ல் பிளேரும் மேரனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் படிக்கத் தகுந்தது. ஒரு பெரிய நிறுவன வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறத்தாழ 3,50,000 பக்கங்கள், ஐபிஎம்மின் ஸ்டெயர்ஸ் தேடல் அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன. பொருத்தமான ஆவணங்களில் குறைந்தது 75 சதவீதமாவது வேண்டும் என்பது வழக்கறிஞர்களின் நிபந்தனை. போதும் என்று அவர்கள் திருப்தியாகும் வரை தேடல் தொடர்ந்தது. பிறகு அளந்து பார்த்தால் கிடைத்திருந்தது சராசரியாக 20 சதவீதம். வந்தவற்றில் பொருத்தமானவை ஐந்தில் நான்கு பங்கு, அதாவது பிரிசிஷன் நன்றாகவே இருந்தது. வந்ததெல்லாம் நல்லதாக இருந்ததால், வராததைப் பற்றி யாருக்கும் சந்தேகமே எழவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கான காரணமும் அந்த ஆய்வில் இருக்கிறது. வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. குற்றம்சாட்டும் தொனியில் எழுதியவர்கள் அதை நேராக விபத்து என்றே எழுதினார்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் அதை நிகழ்வு, சூழ்நிலை, பிரச்சினை, சிரமம் என்று சுற்றிவளைத்தே குறிப்பிட்டார்கள். விபத்து என்று தேடினால் இவை எப்படி வரும்?

ரீகாலை அளக்க, வராத குவியலிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 40,000 ஆவணத்தில் தேடல் 800-ஐக் கொண்டுவந்தது, அதில் 600 பொருத்தம் என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 39,200-லிருந்து குலுக்கல் முறையில் 500 எடுத்துப் படிக்கிறோம், 5 பொருத்தமானவை அகப்படுகின்றன. அப்படியானால் விடுபட்டவை சுமார் 392, ரீகால் ஏறக்குறைய 60 சதவீதம். ஆனால் 500-ல் 5 என்பது குலுக்கலின் விளையாட்டில் 2 ஆகவும் இருந்திருக்கலாம், 11 ஆகவும் இருந்திருக்கலாம். அந்த இடைவெளியைச் சேர்த்தால் உண்மையான ரீகால் 40-க்கும் 80-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 500 ஆவணம் படித்த பிறகும் இவ்வளவுதான் தெரியும். ரீகால் முக்கியமான வேலையில் அளப்பதற்கென்றே பட்ஜெட் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒதுக்க முடியாவிட்டால் ரீகால் என்று ஒரு எண்ணை அறிக்கையில் எழுதாமல் இருப்பது மேல்.

பயனர் தட்டுவதை வைத்து

கேள்வியும் வேண்டாம் குறியும் வேண்டாம், மக்கள் எதைத் தட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதுமே என்று தோன்றும். கணிசமான பயன்பாடு உள்ள தளமாக இருந்தால் இது மிகவும் வலுவான வழிதான். ஆனால் நேராக எண்ணினால் ஏமாற்றும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோகிம்ஸ் குழு, கண்ணசைவைப் பதிவுசெய்து சோதித்தபோது, முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றி வைத்தாலும் மக்கள் முதலில் இருப்பதையே அதிகம் தட்டினார்கள். மேலே இருப்பது தட்டப்படும், தட்டப்படுவதால் நல்லது என்று கணக்கில் ஏறும், அதனால் இன்னும் மேலேயே இருக்கும். மறுபக்கம், ‘இன்று தங்கம் விலை’ என்று தேடியவர் பக்கத்தின் மேலேயே விலையைப் பார்த்துவிட்டு எதையும் தட்டாமல் போய்விடுவார். அவர் திருப்தியாகத்தான் போனார், கணக்கில் மட்டும் தோல்வி.

பாதிப் பயனர்களுக்குப் பழைய முறை, பாதிப் பேருக்குப் புதிய முறை என்று பிரித்துப் பார்க்கும் ஏ/பி சோதனை இதில் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் எதை எண்ணுவது என்ற கேள்வி அங்கும் விடாது, பிங் கதை அதைத்தான் காட்டியது. கோஹாவி குழு தேடல்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு பயனர் எத்தனை முறை திரும்ப வருகிறார் என்பதை அளவையாகச் சொன்னது. நியாயமான தேர்வு. ஆனால் அந்த எண் மெதுவாகத்தான் அசையும், அதற்குப் பெரும் கூட்டம் வேண்டும்.

சின்னக் கூட்டத்துக்கு ஏற்றது முடிவுகளைக் கலந்து காட்டும் இன்டர்லீவிங். தெருவில் கபடி ஆட இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுப்பது போல, பழைய முறையும் புதிய முறையும் ஒவ்வொன்றாக ஆவணம் எடுத்து ஒரே பட்டியலை நிரப்பும். பயனருக்கு இது தெரியாது. எந்த அணியின் ஆவணம் அதிகம் தட்டப்படுகிறதோ அது வென்றது. இரண்டு அணியும் ஒரே மாதிரி மேலிடங்களைப் பகிர்ந்துகொள்வதால், மேலே இருப்பதையே தட்டும் பழக்கம் ஒரு அணிக்கு மட்டும் சாதகமாகாது. 2008-ல் ராட்லின்ஸ்கி, குருப், யோகிம்ஸ் மூவரும் ஆர்க்கைவ் கட்டுரைத் தளத்தின் தேடலில் வேண்டுமென்றே தரத்தைக் குறைத்த வரிசைகளை வைத்துச் சோதித்தார்கள். தட்டல் விகிதம் போன்ற நேரடி எண்கள் எதுவும் அந்தச் சீரழிவை நம்பத்தகுந்த விதத்தில் பிடிக்கவில்லை. இன்டர்லீவிங் பிடித்தது. இதன் குறை, இரண்டில் எது மேல் என்று மட்டும் சொல்லும், எவ்வளவு மேல், பயனருக்கு அதனால் என்ன ஆனது என்று சொல்லாது. என்னைக் கேட்டால் தினமும் சில ஆயிரம் தேடல் வரும் தளத்துக்கு ஏ/பி-யைவிட இதுவே முதல் தேர்வு.

மொழி மாதிரியைக் குறி போடச் சொல்வது

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023-ல், கவனமாக எழுதிய கட்டளையோடு ஜிபிடி மாதிரிகள் தரும் பொருத்தக் குறிகள் கூலிக்குக் குறிப்பவர்களைவிட மோசமாக இல்லை, செலவு மிகக் குறைவு என்று எழுதினார்கள். ஆயிரம் குறிக்கு ஆகும் மனித உழைப்பைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஆசை காட்டும் விஷயம். ஆனால் தேடல் வரிசையை அமைப்பதும் ஒரு மொழி மாதிரி, குறி போடுவதும் அதே மொழி மாதிரி அல்லது அதன் தம்பி என்றால், மதிப்பெண் உயர்வது எதைக் காட்டுகிறது? தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வதைத்தான். அதோடு, ஆங்கிலத்தில் தேறியதைத் தமிழுக்கும் தேறியதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தொகுப்புக்கும் சில நூறு குறிகளை மனிதர்களே போட்டு, மாதிரி போட்டதோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் மீதியை அதனிடம் விடலாம். அந்தச் சில நூறைத் தவிர்க்க வழியில்லை.

தமிழில் தேடல் கட்டுகிறவர்களுக்குக் கடன் வாங்கக்கூடிய தொகுப்புகளும் குறைவு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சுற்றி 2008-ல் தொடங்கிய ஃபயர் அமைப்பு இந்திய மொழிகளுக்கு ட்ரெக் போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு வந்த மிராக்கிள் தொகுப்பில் 18 மொழிகள், அதில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கிலத் தொகுப்பின் மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு தேடல் முறையைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் போட்டால் என்ன நடக்கும் என்பது அதிர்ஷ்டம்தான். ‘வீடு’ என்று தேடியவருக்கு ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீடுகளை’ எல்லாம் வர வேண்டும். பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், ஒற்றுப்பிழையோடு தட்டுவார்கள். இதெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து நாமே யோசித்து எழுதும் கேள்விகளில் வராது. தேடல் பதிவேட்டிலிருந்து எடுத்தால்தான் வரும்.

ஆக, யாருக்கு எது

தேடல் முடிவுகளை ஒரு மொழி மாதிரிக்கு ஊட்டி அதை விடை எழுதவைக்கும் அமைப்பா? அங்கே முடிவுப் பட்டியலை மனிதர் பார்ப்பதே இல்லை. வேண்டிய பத்தி முதல் 10-லோ 20-லோ வந்துவிட்டதா என்பதுதான் பெரிய விஷயம், வரிசை இரண்டாம்பட்சம். அந்த எல்லைக்குள் ரீகாலைப் பாருங்கள்.

சட்டமோ மருத்துவமோ காப்புரிமையோ என்றால் மாதிரி எடுத்து ரீகால், அதன் இடைவெளியோடு சேர்த்து. குறிப்பிட்ட ஒன்றைத் தேடி வருகிறவர்கள் அதிகமான தளம் என்றால் முதல் மூன்றுக்குள் வந்த சதவீதம். பயனர் கூட்டம் உள்ள தளம் என்றால், குறி வைத்துச் செய்யும் சோதனையில் தேறியதை மட்டும் இன்டர்லீவிங்குக்கு அனுப்பலாம்.

மற்ற எல்லோருக்கும், அதாவது ஒன்றிரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொள்ளும் நடுத்தரத் தளங்களுக்கு, தரம் பிரித்த குறிகளோடு முதல் பத்துக்கான என்டிசிஜி. கேள்விகள் எத்தனை என்றால், பக்லியும் வூர்ஹீஸும் குறைந்தது 25 வேண்டும், 50 இருந்தால் நல்லது என்றார்கள். 50 கேள்வி, பழைய முறையிலும் புதிய முறையிலும் முதல் பத்து, இரட்டிப்பு போக ஒரு கேள்விக்கு 15 ஆவணம் என்றால் 750 குறிகள். தலைப்பும் முதல் பத்தியும் படித்துக் குறிக்க ஒன்றுக்கு அரை நிமிடம் ஆனால் ஆறேகால் மணி நேரம். ஒருவர் ஒரு நாளில் முடித்துவிடலாம். கேள்விகளில் பாதியை அடிக்கடி வருபவற்றிலிருந்தும் மீதியை எப்போதாவது வருபவற்றிலிருந்தும் எடுங்கள். எந்த முறையின் முடிவு எது என்பது குறிப்பவருக்குத் தெரியக் கூடாது.

சராசரி வந்ததும் அதோடு நிறுத்த வேண்டாம். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு, இரண்டு முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் பெரியது. அதனால் கேள்வி வாரியாக ஜோடி சேர்த்துக் கழித்து, வேறுபாட்டின் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 50-ல் 30 ஏறி, 15 அப்படியே இருந்து, 5 சரிந்திருக்கிறது என்றால் அந்த 5 என்ன என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அதோடு, ஒரு முடிவும் வராமல் வெறும் பக்கம் காட்டிய தேடல்கள் பதிவேட்டில் எத்தனை சதவீதம் என்று தனியாக எடுத்துவையுங்கள். அதற்குக் குறி எதுவும் வேண்டாம், தரவுத்தளத்தில் ஒரு வரி எஸ்க்யூஎல் கட்டளை போதும். முதலில் திருத்த வேண்டியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.